தடிமன் வேறு, காலம் வேறு: கிண்டர் ஸ்கவுட் மணற்கல்லைப் படிக்கும் முறை

(பொதுமக்களுக்கான நிலவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பாறை அடுக்குகளைப் பார்த்தவுடன் நம் மனம் தானாகவே ஒரு கணக்குப் போட்டுவிடுகிறது. அடுக்கு தடித்திருந்தால் அது படிய நெடுங்காலம் ஆகியிருக்கும், மெலிந்திருந்தால் சொற்பகாலம்தான் ஆகியிருக்கும் என்பது அந்தக் கணக்கு. இயல்பான எண்ணம்தான். ஆனால் மணற்கல் விஷயத்தில் அது பெரும்பாலும் தலைகீழாகப் போய்விடுகிறது. இருபது மீட்டர் உயரத்துக்குச் சுவர் போல நிற்கும் மணற்பாறை ஒருசில வெள்ளப் பருவங்களில் குவிந்ததாக இருக்கலாம். அதற்குச் சற்று மேலே சாண் அகலத்தில் கிடக்கும் கறுத்த களிப்பாறை பல்லாயிரம் ஆண்டுகளைத் தன்னுள் வைத்திருக்கலாம். இதைப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனால் மனத்தில் நிற்காது. எனவே ஒரே ஒரு மலையை எடுத்துக்கொண்டு, அடிவாரத்திலிருந்து உச்சி வரை அதன் அடுக்குகளை உங்களோடு சேர்ந்து படிக்கப் போகிறேன்.

மலையும் அதன் காலமும்

இங்கிலாந்தின் முதுகெலும்பாக வடக்குத் தெற்காக நீளும் பென்னைன் மலைத்தொடரின் தென்கோடியில் பீக் மாவட்டம் இருக்கிறது. அங்கே மிக உயரமான இடம் கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர். அதற்குக் கூர்மையான சிகரம் கிடையாது. அழுகிய தாவரங்கள் சேர்ந்து உருவான கரிய மண் போர்த்திய பரந்த மேட்டுச் சமவெளி அது. விளிம்பைச் சுற்றிலும் மணற்பாறை முகடுகள் வரிசையாக நிற்கின்றன. 1932 ஏப்ரல் 24 அன்று, வேட்டைக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்த இந்த மலையில் நடக்கும் உரிமை கேட்டு நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் தடையை மீறி ஏறினார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா 1951-இல் இந்தப் பகுதியில்தான் அமைந்தது. அந்தப் பூங்காவின் சின்னம் ஒரு திருகைக்கல்.

காரணம் இந்த மணற்கல்தான். ஆலைகளில் தானியம் அரைக்கும் பெரிய வட்டக் கற்களை இதிலிருந்து செதுக்கினார்கள். பருமணல் கெட்டியாக ஒட்டியிருப்பதால் இதன் முகம் எளிதில் மழுங்குவதில்லை. இதே மாவட்டத்தின் ஸ்டானேஜ் முகட்டின் அடியில் விற்காமல் கைவிடப்பட்ட திருகைக்கற்கள் இன்றும் புல்வெளியில் கிடக்கின்றன. மில்ஸ்டோன் கிரிட் என்று இந்தப் பாறைத் தொகுதிக்குப் பெயர் வந்தது இந்தத் தொழிலால்தான். அங்குள்ள டெர்வென்ட் பள்ளத்தாக்கின் பெரிய கல் அணைகளைக் கட்டியதும் இந்தக் கல்லைக் கொண்டுதான்.

இந்தப் பாறைகள் கார்பானிஃபெரஸ் காலத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 35.9 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 29.9 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. 1822-இல் வில்லியம் கோனிபியர், வில்லியம் பிலிப்ஸ் என்ற இரு ஆங்கிலேய நிலவியலாளர்கள் இந்தப் பெயரை வைத்தார்கள். அப்போது பிரிட்டன் இன்றுள்ள குளிர்ந்த அட்சரேகையில் இல்லை. நிலநடுக்கோட்டை ஒட்டி, வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் இருந்தது. அந்தக் காலத்து அடுக்குகளை வட இங்கிலாந்தில் மூன்று பெரும் பகுதிகளாகப் பார்க்கலாம். அடியில் வெதுவெதுப்பான ஆழமற்ற கடலில் உருவான சுண்ணாம்புக்கல். நடுவே நம் மில்ஸ்டோன் கிரிட். மேலே தொழிற்புரட்சிக்கு எரிபொருள் தந்த நிலக்கரித் தொகுதி. கடல், டெல்டா, சதுப்புக்காடு என்பது அந்த வரிசை. நாம் பேசப்போவது நடுப்பகுதியை, அதிலும் சுமார் 32 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த கிண்டர்ஸ்கவுட் மணற்கல்லை.

கீழிருந்து மேலே

மலைக்குத் தெற்கே ஈடேல் என்ற சிற்றூர் இருக்கிறது. மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் இடையே ஓடும் ரயில் அங்கே நிற்கும். ஊரிலிருந்து கிரிண்ட்ஸ்புரூக் என்ற ஓடையின் கரையோடு ஏறினால் மேட்டுச் சமவெளிக்குப் போய்விடலாம். இந்த ஒரு பள்ளத்தாக்கில் ஐந்து விதமான பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன.

எல்லாவற்றுக்கும் அடியில் ஈடேல் களிப்பாறை. கறுப்பு நிறம், விரலால் உரித்தால் தாள்தாளாகப் பிரியும். அதன் மேல் மாம் டோர் மணற்கல். மணற்கல்லும் களிப்பாறையும் மாறிமாறி வரும் அடுக்குகள் அவை. மூன்றாவது, ஷேல் கிரிட் எனப்படும் பகுதி. இங்கே மணற்கல் அடுக்குகள் தடித்து, பல இடங்களில் நடுவே களிப்பாறையே இல்லாமல் ஒட்டிக்கொள்கின்றன. நான்காவது, கிரிண்ட்ஸ்லோ களிப்பாறை. நுண்மணலும் வண்டலும் கலந்தது, மேலே போகப் போக மணல் கூடும். கடைசியாக உச்சியில் கிண்டர்ஸ்கவுட் மணற்கல். மிளகு அளவுக்குக் குவார்ட்ஸ் பரல்கள்கூட அதில் கிடைக்கும்.

யோஹான்னஸ் வால்தர் என்ற ஜெர்மன் அறிஞர் 1894-இல் சொன்ன ஒரு விதி இங்கே நமக்குத் திறவுகோல். இடையில் முறிவு இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் படிவுகள், படிந்த காலத்தில் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்த சூழல்களைச் சேர்ந்தவை என்பது அந்த விதி. அப்படியானால் நாம் செங்குத்தாக ஏறும் இந்த மலைப்பாதை, அன்றைய நிலப்பரப்பில் கிடைமட்டமாக நடந்து போவதற்குச் சமம். அடிவாரத்தில் ஆழ்கடல் தரை. அதை அடுத்துக் கடலடிச் சரிவின் கால்பகுதி. பிறகு அந்தச் சரிவு. உச்சியில் ஒரு மாபெரும் நதியின் கால்வாய்கள். நதி வண்டலைக் கொட்டிக் கொட்டிக் கடலைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. ஆழமாக இருந்த இடம் மெல்ல நிரம்பி நிலமாகியிருக்கிறது.

ஆழமான இடம் எப்படி வந்தது? கார்பானிஃபெரஸ் தொடக்கத்தில் இந்தப் பகுதியின் புவிமேலோடு இழுபட்டு விரிந்தது. பிளவுகளின் வழியே சில துண்டுகள் அமிழ்ந்தன, சில மேடாகவே நின்றன. மேடுகளில் சுண்ணாம்புக்கல் வளர்ந்தது. பள்ளங்களில் நீர் சில நூறு மீட்டர் ஆழத்துக்கு நின்றது. வடக்கிலிருந்து வந்த நதி இந்தப் பள்ளங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு தெற்கே வந்தது.

சில மணி நேரத்தில் படிந்த அடுக்கு

ஈடேலுக்குத் தெற்கே நிற்கும் மாம் டோர் குன்று 517 மீட்டர் உயரம். அதன் கிழக்கு முகம் பெரிய நிலச்சரிவால் பிளந்து, உள்ளே இருக்கும் அடுக்குகளை வெளியே காட்டுகிறது. அதன் அடியில் போட்டிருந்த நெடுஞ்சாலை மீண்டும் மீண்டும் உடைந்து, 1979-இல் நிரந்தரமாக மூடப்பட்டது. வலுவான மணற்கல்லுக்கு அடியில் வலுவற்ற களிப்பாறை இருப்பதே அந்தச் சரிவுக்குக் காரணம்.

இங்குள்ள ஒவ்வொரு மணற்கல் அடுக்கும் ஒரே ஒழுங்கில் அமைந்திருக்கிறது. அடிப்பகுதி வெட்டியது போலத் தெளிவாக இருக்கும். அங்கே பருமணல். மேலே போகப் போக மணல் நுண்மையாகி, கடைசியில் களிமண்ணில் கரைந்துவிடும். கலங்கிய ஆற்று நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்துக் கலக்கி வைத்துப் பாருங்கள். பருமணல் முதலில் விழும், நுண்மணல் அடுத்து, களி கடைசியில். மாம் டோர் அடுக்குகளிலும் அதே வரிசை. அடுக்குகளின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நீண்ட புடைப்புகள் தெரியும். கீழே இருந்த மென்களியை நீரோட்டம் கிள்ளிய பள்ளங்களும், மரத்துண்டோ கல்லோ இழுபட்ட கோடுகளும் உடனே மணலால் நிரம்பி, அச்சாக நின்றுவிட்டன. அவை ஓட்டத்தின் திசையையும் காட்டும்.

ஆழ்கடலுக்குப் பருமணல் எப்படிப் போனது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. அதை அவிழ்க்க உதவியது ஒரு பேரிடர். 1929 நவம்பர் 18 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் நிலநடுக்கம் ஏற்பட்டது. அட்லாண்டிக் தரையில் கிடந்த தந்திக் கம்பிகளில் பன்னிரண்டு அறுந்தன. மையத்துக்கு அருகில் இருந்தவை அதிர்ச்சியின்போதே அறுந்தன. மற்றவை ஆழத்தை நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக, கடைசியானது சுமார் 13 மணி நேரம் கழித்து அறுந்தது. ஒவ்வொன்றும் அறுந்த நேரம் தந்தி நிலையங்களில் பதிவாகியிருந்தது. 1952-இல் புரூஸ் ஹீசன், மாரிஸ் யூயிங் ஆகிய இருவரும் அந்தப் பதிவுகளை எடுத்துக் கணக்கிட்டு, சரிவிலிருந்து கிளம்பிய மணலும் சேறும் கலந்த கனமான நீர் கடலடியில் அசுர வேகத்தில் பாய்ந்திருக்கிறது என்று காட்டினார்கள். இதற்குச் சற்று முன்பே, 1950-இல், நெதர்லாந்தின் பிலிப் குனனும் இத்தாலியின் கார்லோ மிலியோரினியும் இத்தகைய கலங்கல் ஓட்டங்களே பருமையிலிருந்து நுண்மைக்கு மாறும் அடுக்குகளை உண்டாக்குகின்றன என்று எழுதியிருந்தார்கள். 1960-இல் ஜான் ஆலன் மாம் டோர் அடுக்குகளை இந்த வெளிச்சத்தில் விளக்கினார். மேலே உள்ள ஷேல் கிரிட்டையும் கிரிண்ட்ஸ்லோ களிப்பாறையையும் ரோஜர் வாக்கர் அதே பத்தாண்டில் ஆராய்ந்து, டெல்டாவின் முகப்பிலிருந்து சரிவின் கால்வாய்கள் வழியாக மணல் ஆழத்துக்கு இறங்கியதைக் காட்டினார்.

இப்போது காலக் கணக்குக்கு வருவோம். ஒரு கலங்கல் ஓட்டம் ஓரிடத்தைக் கடக்க ஆகும் நேரம் மணிக்கணக்கு. அந்த நேரத்தில் அரை மீட்டர், ஒரு மீட்டர் மணல் விழுந்துவிடும். அடுத்த ஓட்டம் வரும்வரை கடல் அமைதியாக இருக்கும். நீரில் மிதக்கும் களித்துகள்கள் மெல்ல மெல்ல இறங்கும். அந்தக் களி பின்னால் மேலுள்ள சுமையால் நசுங்கி மேலும் மெலிந்துபோகும். மணற்கல் அடுக்கு ஒரு நிகழ்ச்சி. இரண்டு மணற்கற்களுக்கு நடுவே உள்ள மெல்லிய களிப்பாறைதான் காலம்.

நதியின் கால்வாயில்

உச்சிக்கு வருவோம். கிண்டர்ஸ்கவுட் மணற்கல்லில் கண்ணுக்கு முதலில் படுவது சாய்வடுக்கு. பாறையின் பெரும் அடுக்குகள் ஏறக்குறைய கிடையாக இருக்க, ஒவ்வொன்றின் உள்ளேயும் மணல் வரிகள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும். ஆற்றடியில் மணல்மேடு நகரும் விதத்தால் வருவது இது. நீரோட்டம் மேட்டின் பின்புறத்தில் மணலை உருட்டி ஏற்றுகிறது. உச்சியைத் தாண்டியதும் மணல் முன்புறச் சரிவில் வழுக்கி விழுகிறது. ஒவ்வொரு வழுக்கலும் ஒரு சாய்ந்த வரி. வரிகள் சாயும் திசை நீர் ஓடிய திசை.

இதை முதலில் ஒழுங்காக அளந்து பயன்படுத்தியவர் ஷெஃபீல்டைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சோர்பி. பல்கலைக்கழகப் பதவி எதிலும் இல்லாமல், வீட்டிலேயே ஆய்வுக்கூடம் வைத்து வாழ்ந்தவர். பாறையை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்கும் முறையை 1849 வாக்கில் தொடங்கி, உலக நிலவியலுக்கே கற்றுக்கொடுத்தவர். பண்டை நீரோட்டங்கள் பாறையில் விட்ட அமைப்புகளைப் பற்றி 1859-இல் அவர் கட்டுரை எழுதினார். பென்னைன் மணற்கற்களின் சாய்வுகளை அளந்து, மணல் வடக்குப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொன்னார். அவர் மறைந்த 1908-ஆம் ஆண்டில் வெளியான நீண்ட கட்டுரையில், படிவுகளின் வடிவத்தைக் கொண்டு அவை சேர்ந்த வேகத்தையே கணக்கிட முயன்றார். இன்று நான் உங்களிடம் பேசும் கேள்விக்கு வித்திட்டவர் அவர்தான்.

கிண்டர்ஸ்கவுட் சாய்வடுக்குகளில் சில அசாதாரணமான அளவு கொண்டவை. ஒரே தொகுதி இருபது மீட்டரைத் தாண்டும் இடங்கள் உண்டு. இவை எப்படி வந்தன என்பதில் நல்ல விவாதம் நடந்தது. ஆழ்ந்த நீருக்குள் செங்குத்தான முகப்போடு முன்னேறிய சிறு டெல்டாக்கள் இவை என்று 1960-களில் ஜான் காலின்சன் கருதினார். 1977-இல் பீட்டர் மெக்கேப், மிக ஆழமான நதிக் கால்வாய்களின் உள்ளே நகர்ந்த மாபெரும் மணல்திட்டுகள் என்றார். 1990-களில் மூன்றாவது விளக்கமும் சேர்ந்தது. கடல் மட்டம் இறங்கியபோது நதி தன் டெல்டாவையே ஆழமாக வெட்டிக்கொண்டது. பிறகு கடல் ஏறியபோது அந்தப் பள்ளத்தாக்கு மணலால் நிரம்பியது என்பது அது.

இவ்வளவு பெரிய மணல்திட்டுகள் நதியில் சாத்தியமா என்று கேட்பவர்களுக்குப் பதில் பிரம்மபுத்திராவில் இருக்கிறது. ஜேம்ஸ் கோல்மன் 1969-இல் அந்த நதியைப் பற்றி எழுதிய ஆய்வில், வெள்ளக் காலத்தில் ஆற்றடியில் பதினைந்து மீட்டர் வரை உயரும் மணல் அலைகளைப் பதிவு செய்திருக்கிறார். அவற்றில் சில ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மீட்டர் நகர்ந்தன. இன்று ஒரு நதி இப்படிச் செய்கிறது என்றால், 32 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்டத்தின் நீரையே சுமந்து வந்த நதி செய்திருக்க முடியாதா? அந்த வேகத்தில் பார்த்தால், முகட்டின் முழு உயரத்தையும் நிரப்பும் ஒரு சாய்வடுக்குத் தொகுதி, குறிப்பிட்ட ஓர் இடத்தில், மனித வாழ்நாளின் சிறு பகுதிக்குள்ளேயே உருவாகிவிடலாம்.

ஆனால் முகடு முழுவதையும் அவசரமாகக் கணக்கிட்டுவிடக் கூடாது. ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நடுவே ஒரு கோடு இருக்கும். நதி பழைய மணலை அரித்துவிட்டுப் புதிதாகப் போட்ட இடம் அது. அரித்துப் போன மணலோடு அது படிந்த காலமும் போய்விட்டது. அமெரிக்கரான ஜோசஃப் பாரெல் 1917-இலேயே, படிவுப் பாறைகளில் இருப்பதைவிட இல்லாததே அதிகம், சிறுசிறு இடைவெளிகளைச் சேர்க்காமல் காலத்தை அளக்க முடியாது என்று வற்புறுத்தினார். மணற்கல்லின் தடிமன் வேகத்தைச் சொல்லும், அதில் உள்ள கோடுகள் காலத்தைச் சொல்லும்.

மணலின் பிறப்பிடம்

மணல் வடக்கிலிருந்து வந்தது என்று சொன்னேன். எவ்வளவு தூரத்திலிருந்து? இதற்குத் துகள்களையே கேட்க வேண்டும். லீட்ஸைச் சேர்ந்த ஆல்பர்ட் கில்லிகன் யார்க்‌ஷயரின் மில்ஸ்டோன் கிரிட்டை முதல் உலகப்போருக்குப் பின் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். குவார்ட்ஸோடு ஃபெல்ஸ்பார் என்ற தாது ஏராளமாக இருப்பதையும், அதில் பெரும்பகுதி சிதையாமல் புதிதாக இருப்பதையும் அவர் கவனித்தார். ஃபெல்ஸ்பார் வெப்பமான ஈர மண்ணில் நெடுநாள் கிடந்தால் களிமண்ணாகிவிடும். அது இவ்வளவு வந்து சேர்ந்திருக்கிறது என்றால், செங்குத்தான மலை வேகமாக உடைந்திருக்க வேண்டும், உடைந்த மணல் வழியில் தங்காமல் விரைவாகப் புதைந்திருக்க வேண்டும். கில்லிகன் கார்னெட், மோனசைட், சிர்கான் முதலிய கனமான தாதுக்களையும் பிரித்துப் பார்த்து, வடக்கே கிரானைட்டும் உருமாறிய பாறைகளும் கொண்ட பெருநிலம் ஒன்று இருந்தது என்று முடிவு செய்தார். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் பிரித்தெடுக்கும் அதே வகைத் தாதுக்கள்தான் இவை.

1987-இல் எஸ். ட்ரூவரி, ராபர்ட் கிளிஃப், மைக் லீடர் ஆகியோர் சிர்கான் துகள்களின் வயதை யுரேனியம்-ஈயம் முறையில் அளந்தார்கள். சிர்கான் எளிதில் தேயாது, கரையாது. தான் பிறந்த பாறையின் வயதை விடாமல் வைத்திருக்கும். சில துகள்கள் கலிடோனிய மலைத்தொடர் எழுந்த காலத்தை, அதாவது நாற்பது கோடி ஆண்டுகளை ஒட்டிய வயதைக் காட்டின. வேறு சில 250 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. அவ்வளவு பழைய பாறைகள் வடக்கே கிரீன்லாந்து, ஸ்காண்டிநேவியா பக்கத்தில் இருக்கின்றன. அப்போது வட அட்லாண்டிக் திறந்திருக்கவில்லை. கிரீன்லாந்தும் நார்வேயும் ஒட்டியே கிடந்தன. அங்கே எழுந்திருந்த கலிடோனிய மலைகளில் பிறந்து தெற்கே இறங்கிய நதி இது. ஆக, கிண்டர் ஸ்கவுட்டில் நம் உள்ளங்கையில் விழும் ஒரு சிட்டிகை மணலில், பாறையின் வயது ஒன்று, துகள்களின் வயது பல.

சாண் அகலக் கறுப்பு

இனி மெல்லிய அடுக்குகளுக்கு வருவோம். என் பேச்சின் மையம் இதுதான்.

மில்ஸ்டோன் கிரிட் முழுவதிலும் மணற்கல்லுக்கும் களிப்பாறைக்கும் நடுவே சில கறுப்பு அடுக்குகள் வருகின்றன. சில சாண் அகலம், சில ஓரிரு மீட்டர். அவற்றில் கோனியடைட் என்ற உயிரினத்தின் சுருள் ஓடுகள் நசுங்கிக் கிடக்கும். இன்றைய நாட்டிலஸுக்கும் கணவாய்க்கும் உறவான கடல்வாழ் உயிர் அது. நதி வண்டல் எட்டாத, உப்பு நிறைந்த, தரையில் உயிர்வளி இல்லாத கடல் அங்கே பரவியிருந்தது என்பதற்கு அது சாட்சி.

வில்லியம் பிசாட் என்பவர் தொழிலால் கட்டுமானப் பொறியாளர். ஓய்வு நேரத்தில் இந்த ஓடுகளைச் சேகரித்தார். ஓட்டின் மேலுள்ள வரிகளும் முடிச்சுகளும் அடுக்குக்கு அடுக்கு மாறுவதைக் கவனித்து, 1924-இல் வட இங்கிலாந்தின் கோனியடைட் வரிசையை வெளியிட்டார். எந்தக் கறுப்பு அடுக்கைக் கண்டாலும், அதிலுள்ள இனத்தைப் பார்த்து அது எந்தக் கணத்தைச் சேர்ந்தது என்று சொல்லிவிட முடிந்தது. அதே அடுக்கை அயர்லாந்திலும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் கண்டுபிடிக்க முடிந்தது. சம்பளமில்லாத அந்த உழைப்பு இல்லையென்றால், மணற்கற்களின் வரிசையே நமக்கு இன்னும் குழப்பமாக இருந்திருக்கும்.

பிசாட் தொடங்கிய இந்த வரிசை நம் மலையைப் பற்றி என்ன சொல்கிறது? மில்ஸ்டோன் கிரிட் படிந்த நமூரியன் காலத்தைப் பிரிட்டனில் ஏழு துணைக்கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். அவற்றில் முதல் நான்கும் முழுமையாக, ஐந்தாவதின் தொடக்கமும் சேர்ந்து, அடிவாரத்து ஈடேல் களிப்பாறைக்குள் அடங்கிவிடுகின்றன. அது பல பத்து லட்சம் ஆண்டுகள். ஆனால் அதற்கு மேலே நிற்கும் மாம் டோர் மணற்கல், ஷேல் கிரிட், கிரிண்ட்ஸ்லோ களிப்பாறை, உச்சியின் மணற்கல் எல்லாம் சேர்ந்து அந்த ஐந்தாவது துணைக்கட்டத்தின் ஒரு பகுதிக்குள் முடிந்துவிட்டன. அந்தத் துணைக்கட்டத்தின் பெயரே கிண்டர்ஸ்கவுட்டியன். மலையாக நம் கண்ணை நிறைப்பது நதி வந்து சேர்ந்த பிறகான சொற்பகாலம். நதிக்காக அந்தப் பள்ளம் காத்திருந்த நெடுங்காலம், நாம் கவனிக்காமல் மிதித்து நடக்கும் கறுத்த களியில் இருக்கிறது.

தெற்கில் உறைந்த நீர்

கறுப்பு அடுக்குகள் ஏன் திரும்பத் திரும்ப வருகின்றன? நமூரியன் அடுக்குகளில் இத்தகைய கடல் அடுக்குகள் ஐம்பதுக்கும் மேல் எண்ணப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு முறையும் கடல் உயர்ந்து டெல்டாவை மூழ்கடித்திருக்கிறது. பிறகு நதி மீண்டும் முன்னேறியிருக்கிறது. மணற்கல்லின் மேற்பரப்பில் வேர்கள் ஊடுருவிய பழைய மண்ணும், சில இடங்களில் மெல்லிய நிலக்கரியும் உண்டு. அதன் மேல் கடல் அடுக்கு. இவ்வாறு சுழற்சி சுழற்சியாக வருகிறது. வெவ்வேறு நாடுகளில் ஒரே இனத்தைக் கொண்ட அடுக்கு ஒரே சமயத்தில் வந்தால், அது ஒரு பள்ளத்தாக்கின் தனிக்கதையாக இருக்க முடியாது.

1936-இல் ஹரால்ட் வான்லஸ், ஃபிரான்சிஸ் ஷெப்பர்ட் ஆகிய அமெரிக்க அறிஞர்கள், தங்கள் நாட்டின் நிலக்கரி அடுக்குகளில் கண்ட இதுபோன்ற சுழற்சிகளுக்குத் தென்கோளத்தின் பனியே காரணம் என்றார்கள். அப்போது ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாகத் தென்துருவத்தைச் சூழ்ந்திருந்தன. பனி பெருகியபோது கடல்நீர் அதில் அடைபட்டு மட்டம் இறங்கியது. பனி உருகியபோது பல பத்து மீட்டர் ஏறியது. பூமியின் சுற்றுப்பாதையிலும் அச்சுச் சாய்விலும் ஏற்படும் ஒழுங்கான மாற்றங்கள் அந்தத் தாளத்தை நடத்தின. சுழற்சிகளின் சராசரி நீளம் ஒரு லட்சம் ஆண்டு அளவில் வருவதும் இதற்குப் பொருந்துகிறது.

அந்த நீண்ட பனியுகத்தின் பின்னாள் சாட்சி இந்தியாவிலேயே இருக்கிறது. ஒடிசாவின் தால்ச்சேரில், நுண்களியின் நடுவே பெரும் பாறாங்கற்கள் புதைந்திருப்பதை நிலவியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்களும் வில்லியம் தியோபால்டும் 1856-இல் எழுதினார்கள். வெப்பநாட்டில் பனிக்கட்டி சுமந்து வந்த கற்கள் என்று அப்போதே துணிந்து சொன்னார்கள். இங்கிலாந்தின் மணற்கல்லுக்கு நடுவே உள்ள கறுப்புக் கோட்டையும், ஒடிசாவின் கற்படுகையையும் ஒரே பனியுகத்தின் இரு பக்கங்களாக இன்று படிக்கிறோம். நிலநடுக்கோட்டில் ஒரு டெல்டாவின் வரலாற்றை தென்கோளத்தின் பனி நடத்தியிருக்கிறது.

எதை அளக்கிறோம்

நண்பர்களே, இவ்வளவு சொன்னதன் சாரம் இதுதான். படிவு என்பது ஒரே சீராகச் சேரும் சேமிப்பு அன்று. பெரும்பாலான காலம் கிட்டத்தட்ட எதுவும் நடப்பதில்லை. நடக்கும்போது எல்லாம் ஒரேயடியாக நடக்கிறது. ஒரு கலங்கல் ஓட்டம், ஒரு பெருவெள்ளம் ஆகியவைதான் பாறையின் பெரும்பகுதியை எழுதுகின்றன. எனவே ஒரு மணற்பாறையின் முன் நிற்கும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இந்தத் துகள் எங்கிருந்து வந்தது? எந்த ஓட்டம் இதை இங்கே விட்டது? இரண்டு அடுக்குகளுக்கு நடுவே எவ்வளவு காலம் போனது? முதல் இரண்டுக்கும் மணல் பதில் சொல்லும். மூன்றாவதற்கு மணலைக் கேட்டுப் பயனில்லை. களிப்பாறையையும், வேர் ஓடிய மண்ணையும், அரிப்புக் கோட்டையும்தான் கேட்க வேண்டும்.

இது பழைய பாறைகளுக்கு மட்டும் பொருந்தும் பாடம் அன்று. இன்று ஓடும் நதிகளின் மணலும் இதே விதத்தில், அரிய வெள்ளங்களில்தான் பெருமளவு வந்து சேர்கிறது. ஆற்றில் ஆழமாகக் கிடக்கும் மணலைப் பார்த்து, எடுக்க எடுக்க ஆண்டுதோறும் அது ஊறிவிடும் என்று நினைப்பவர், தடிமனைக் காலமாக எண்ணும் அதே பிழையைச் செய்கிறார். அந்த மணலைக் கொண்டுவந்த வெள்ளம் மறுபடி எப்போது வரும் என்பது மணலின் ஆழத்தில் எழுதியிருக்காது. அதற்கு ஆற்றங்கரையின் வண்டல் வரிகளைப் பொறுமையாக எண்ண வேண்டும். சோர்பியும் பிசாட்டும் பாறைகளில் செய்தது அதே பொறுமையான வேலைதான். இருவரும் இதைப் பிழைப்பாகச் செய்யவில்லை. தங்கள் ஊரைச் சுற்றியிருந்த கல்லை, அளவுகோலும் கூர்ந்த கண்ணும் கொண்டு, ஆண்டுக்கணக்கில் பார்த்தார்கள். இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் எவரும் அதைச் செய்யலாம். செய்ய வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.